ஆறு விளக்குக்கு ஓர் ஆள்

திங்கட்கிழமைகளில் சவுந்தரநாயகத்தின் தொண்டை முதல் வார்த்தைக்கு ஒத்துழைக்காது. ஒருமுறை செருமி, இன்னொருமுறை செருமி, அதற்குப் பிறகுதான் குரல் வரும். சளித் தடிமனும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் வேலை முடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போன மனிதர் திங்கள் காலை திரும்பி வரும்வரை ஒருவரோடும் கதைக்கவில்லை, அவ்வளவுதான். கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து செபம் சொல்வதைக் கதைப்பதில் சேர்க்க முடியுமா? பேக்கரிக்காரருக்கு விரலைக் காட்டினால் போதும், பாண் வந்துவிடும்.

மனைவி நேசம் இருந்த காலத்தில் இப்படி இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் கொழும்புச் சனமெல்லாம் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியபோது, இவர் அவளைச் சிலாபத்தில் அவளுடைய தமையன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்துக்கொண்டு குண்டுக்குக் கீழே கிடந்த இவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பத்திரமான இடத்துக்குப் போனவள் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டாள். தந்தி கிடைத்து இவர் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. இந்த மனிதர் ஒருவருக்கு நல்லது செய்யப் புறப்பட்டாலே பார்க்கிறவர்கள் பயப்படவேண்டும். ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது?

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் கட்டியிருந்த தகரக் கொட்டகை ஒன்றை விட்டுப் போக, புறக்கோட்டைத் துணி முதலாளி ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். படத்துக்கு வேண்டிய விளக்குகளும் பட்டாளத்தின் ஏலத்தில் வாங்கியவைதான். ஒவ்வொன்றும் அண்டா அளவு, ஆறு விளக்கு, ஆறு ஸ்டாண்ட். அவற்றைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். இடது பக்கம் சவுந்தரநாயகம். வலது பக்கம் கொம்பனித்தெருப் பலீல்.

பலீல் அதற்கு முன் கலியாண வீடுகளுக்குப் பல்ப் கட்டித் திரிந்தவர். வயதில் இளையவர் என்றாலும் சவுந்தரநாயகம் அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார். பலீல் இவரை ‘அண்ணே’ என்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மூத்தவராக இருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கும் குறையில்லை.

பலீலுக்கு வாய் ஓயாது. ஆனால் படம் பிடிக்கும்போது குரலும் சேர்ந்து பதிவாகிறபடியால் கொட்டகைக்குள் இருமக்கூடக் கூடாது. ரயில் வந்தால் மட்டும் எல்லாம் நிற்கும். காலி ஊருக்குப் போகும் காலி வீதிப் பக்கமாக அல்ல, கடல் பக்கமாகத் தண்டவாளம். ரயில் போனால் தகரமெல்லாம் கடகடக்கும். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். அந்த நேரம் பலீல் வயர்களைத் தாண்டித் தாண்டி இடது பக்கம் வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்குவார். மனைவி றலியா வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்கப் போய் அடைக்கோழியோடு சண்டை பிடித்த கதை முடிவதற்கு நாலைந்து ரயில் போகவேண்டியிருந்தது. டைரக்டர் ரயிலைச் சபித்தார். சவுந்தரநாயகம் அடுத்த ரயில் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

அவருக்கும் சொல்ல இருந்தது. வழியில் கண்டதையெல்லாம், பக்கத்து அறைக்காரர் தலைக்குச் சாயம் பூசி நெற்றி கறுத்ததைக்கூட, பலீலுக்குச் சொல்ல என்று பத்திரப்படுத்திக்கொண்டு வருவார். ஆனால் இவர் செருமி முடிப்பதற்குள் ரயில் போய்விடும்.

நோன்பு மாதம் வந்தது. கதவெல்லாம் அடைத்த தகரக் கொட்டகை, உள்ளே ஆறு விளக்கின் சூடு. தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கே நாக்கு வறளும். பலீல் எச்சில் விழுங்காமல் நின்றார். அவர் முன்னால் தேத்தண்ணி குடிக்க மனமில்லாமல் சவுந்தரநாயகமும் குடிக்காமல் விட்டார்.

“என்ன அண்ணே, நீங்களும் நோன்பா?” என்று பலீல் சிரித்தார். “பாதருக்குத் தெரிஞ்சா பாவசங்கீர்த்தனத்துல சொல்லவேண்டி வரும்.”

“வயிறு சரியில்லை, நானா.”

“மாசம் முழுக்கவா?”

ஒருநாள் மத்தியானம், கதாநாயகி ஜன்னலோரம் நின்று அழுகிற காட்சி. விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் பலீல் மெல்ல ஆடுவதை சவுந்தரநாயகம் கண்டார். பலீல் ஸ்டாண்டைப் பிடித்தார், அதுவும் சேர்ந்து ஆடியது. இவரால் போக முடியவில்லை. நடுவில் கதாநாயகி அழுகிறாள், கெமரா ஓடுகிறது, கையில் இவருடைய மூன்று விளக்கு. கூப்பிடவும் முடியாது. பலீல் எப்படியோ ஒரு பெட்டியில் சரிந்து உட்கார்ந்துகொண்டார். காட்சி முடிந்ததும் மனேஜர் தியாகராசா அந்தப் பக்கமாக வந்து, பலீலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை சவுந்தரநாயகத்துக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவானோ?

பலீல் இல்லாவிட்டால்? வேறு யாராவது வருவான். விளக்கைப் பிடிப்பான். ரயில் வரும்போது ஒரு பீடியோடு வெளியே போய்விடுவான். வாரத்தில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

இன்னொரு சங்கடமும் அந்த வாரம் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் வருகிற மாதிரி வெளிச்சம் வேண்டும் என்று கெமராக்காரர் கேட்டார். ஆறு ஸ்டாண்டையும் எங்கே நிறுத்தினாலும் கதாநாயகிக்குப் பின்னால் சுவரில் ஆறு நிழல் விழுந்தது. ஒரு பெண் அழுதால் ஆறு பெண் அழுதார்கள். “ஊருக்கு எத்தனை சூரியன் ஐயா?” என்று கெமராக்காரர் எரிந்து விழுந்தார்.

சவுந்தரநாயகம் பழைய இரும்புக் குழாய்களைப் பொறுக்கினார். ஆறு ஸ்டாண்டில் ஆகப் பாரமானதை எடுத்து, அதன் தலையில் குறுக்கே ஒரு நீளக் குழாயைப் பூட்டினார். அதற்கு ஒரு முழம் கீழே இன்னொரு குழாய். பாரமான விளக்குகள் நடுவுக்குக் கிட்ட, இலேசானவை ஓரத்தில். முதல் நாள் எல்லாம் முன்பக்கம் குப்புற விழப் பார்த்தது. பிறகு ஸ்டாண்டின் மூன்று காலில் ஒன்றை விளக்கு பார்க்கிற பக்கமாகவே நீட்டி வைத்தார்; விழுவதென்றால் அந்தப் பக்கம்தானே விழும். பின் கால்கள் இரண்டிலும், சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பயந்து அடுக்கிய மணல் மூட்டைகளைத் தூக்கிப் போட்டார். ஆறு விளக்கும் ஒரே ஸ்டாண்டில், ஒன்றோடொன்று தோளுரசிக்கொண்டு நின்றன. எரிந்தபோது சுவரில் ஒரே நிழல்.

கெமராக்காரர் இவரைக் கட்டிப்பிடிக்காத குறை. “இனி இவர் சொல்றதுதான் சட்டம்” என்றார்.

எல்லோரும் அது நிழலுக்காகச் செய்த வேலை என்றுதான் நினைத்தார்கள். நோன்புக்காரருக்குச் சூட்டில் நிற்கிற பாடு குறையட்டும் என்று செய்ததாக சவுந்தரநாயகம் தனக்குள் சொல்லிக்கொண்டார். அதுவும் பொய்யில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால் என்ன? ஸ்டாண்ட் ஒன்றானால் அந்த ஆளும் இந்தப் பக்கம் வந்துவிடுவார். ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அதுதான் விஷயம்.

“நானா, நீங்க இனி ஒண்டும் பிடிக்க வேண்டாம்” என்றார். “இந்த மூட்டைக்கு மேல இருங்கோ. பாரத்துக்கு ஒரு ஆள் வேணும்.”

“மணல் மூட்டைக்கு மேல ஒரு கறி மூட்டையா?” பலீல் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். “நோன்பு மாசத்துல பாரம் எங்கேந்து வாரது அண்ணே.”

விளக்குக்குப் பின்னால் எப்போதும் இருட்டு. சூடெல்லாம் முன்னால் போய்விடும். அந்த இருட்டில் பலீல் மூட்டையில் சாய்ந்திருப்பார், சவுந்தரநாயகம் சாக்குத் துணி சுற்றிய கையால் விளக்குகளைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். கெமரா ஓடும்போது கதைக்க முடியாதுதான். ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விடுவது கேட்கும். கதாநாயகன் வசனத்தை மறந்து விழிக்கும்போது பலீலின் முழங்கை இவருடைய காலில் மெல்ல இடிக்கும். ரயில் வந்தால் முழுக்கதையும் கிடைக்கும், வயர் தாண்டுகிற நேரம் மிச்சம். சாயம் பூசிய பக்கத்து அறைக்காரரின் கதையையும் ஒருவழியாகச் சொல்லி முடித்தார். பலீல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஒருவரைச் சிரிக்க வைத்து எத்தனை காலமாகிவிட்டது என்று சவுந்தரநாயகத்துக்கு அன்றைக்கு முழுக்க ஆச்சரியமாக இருந்தது.

விளக்கைத் திருப்பவோ குழாயை இறக்கவோ பலீல் எழுந்தால், “இருங்கோ, இருங்கோ, நான் பாக்கிறன்” என்று தடுத்துவிடுவார். நட்டு எந்தப் பக்கம் இறுகும் என்பதுகூட பலீலுக்குத் தெரியாது. தெரிய விட்டால்தானே?

நோன்புப் பெருநாளுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது தியாகராசா கொட்டகைக்குள் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கெட்டவரில்லை. படம் இழுத்துக்கொண்டே போகிறது என்று முதலாளி ஒவ்வொரு நாளும் அவரைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார், அதுதான். வந்தவர் ஒரு காட்சி முடியும்வரை விளக்குகளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

“ஐசே சவுந்தரம், பலீல் இதில என்ன செய்யிறார்?”

“பாரத்துக்கு இருக்கிறார் சேர்.”

“என்ன பாரத்துக்கு?”

“ஸ்டாண்டுக்கு. மேல ஆறு விளக்கெல்லோ. ஆள் எழும்பினா முன்னுக்குச் சாயும்.”

வாய் கூசாமல் சொல்லிவிட்டார். தியாகராசா ஸ்டாண்டை மேலிருந்து கீழே பார்த்தார்.

“அப்படியோ. கதாநாயகியைக் கொஞ்சம் அங்கால போகச் சொல்லுங்கோ. பலீல், எழும்பும் பாப்பம்.”

பலீல் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். பலீல் மூட்டையில் கையை ஊன்றி எழுந்து, இரண்டு அடி தள்ளி நின்றார்.

கொட்டகையில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு ஆறும் எரிந்துகொண்டிருந்தது. அந்தோனியாரே, இந்த ஸ்டாண்டை விழுத்திவிடும் என்று சவுந்தரநாயகம் மனதுக்குள் மன்றாடினார். தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரிடம் இருக்கிற சாமானை உடைக்கச் சொல்லி மன்றாடிய மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஒரு சாண் சாய்ந்தால் போதும். கொஞ்சம் ஆடினால்கூடப் போதும். அவருடைய கை குழாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு விரலால் தள்ளியிருக்கலாம். தன் கையால் செய்ததைத் தள்ள அந்தக் கை எழவில்லை.

ஸ்டாண்ட் ஆடவில்லை. நட்டுவைத்த மரம்போல நின்றது. ஒரு ரயில் வந்து, தகரமெல்லாம் அதிர்ந்து, போயும் போய்விட்டது. அதற்கும் அசையவில்லை.

“நல்ல வேலைதான் செய்திருக்கிறீர்” என்றார் தியாகராசா. உண்மையாகவே மெச்சித்தான் சொன்னார். “இதுக்கு ஒரு ஆளே காணும், ரெண்டு பேர் வேண்டாம். பெருநாளோட பலீலை நிப்பாட்டுவம். நான் என்ன ஐசே செய்ய, முதலாளி என்னைத் தின்னுறார்.”

அன்று பின்னேரம் சவுந்தரநாயகம் மனேஜரின் அறை வாசலில் போய் நின்றார். இரண்டுதரம் செருமினார்.

“சேர், அவருக்குப் பிள்ளையள் இருக்கு. நான் தனி ஆள். நான் வேலையில இருந்து நிக்கிறன், அவரை வச்சிருங்கோ.”

தியாகராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உமக்கென்ன விசரே? அந்தாளுக்கு ஸ்டாண்டைப் பற்றி என்ன தெரியும்? நாள் முழுக்க மூட்டையில இருந்து உமக்குக் கதை சொன்னதுதானே.”

பலீல் எழுந்த போதெல்லாம் இருங்கோ இருங்கோ என்று தோளைப் பிடித்து அமர்த்தியது யார்? பலீலை வேலைக்கு உதவாதவராக்கியது நோன்பு இல்லை, தியாகராசா இல்லை. இவருடைய அன்புதான். அது சவுந்தரநாயகத்துக்கு அந்த வாசலில் நின்றபடியே விளங்கிற்று. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“பெருநாளுக்கு முன்னம் எல்லாம் பழக்கிப்போடுறன் சேர். என்னைத் துறைமுகத்தில திரும்பக் கூப்பிட்டிருக்கினம். எப்படியும் போகத்தான் வேணும்.”

துறைமுகத்தில் ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனால் அப்படிச் சொல்லாவிட்டால் தியாகராசாவும் விடமாட்டார், பலீலும் ஏற்றுக்கொள்ளமாட்டார் என்று நினைத்தார். தியாகராசா நம்பிவிட்டார். பழக்கிக் காட்டினால் சரி என்றார்.

பலீல் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. வீட்டில் றலியாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார். சவுந்தரநாயகம் துறைமுகப் பொய்யை அவரிடமும் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நீங்க இல்லாம நான் இங்க என்ன செய்ய அண்ணே, என்று பலீல் சொல்வார். போகாதீங்க என்று கையைப் பிடிப்பார். தான் அதற்கு என்ன மறுமொழி சொல்வது என்றுகூட ஆயத்தம் செய்து வைத்திருந்தார்.

பலீலின் முகம் மலர்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று நெஞ்சில் கை வைத்தார். “அண்ணே, நான் செத்துப் பொழச்சேன். நீங்களும் நல்லா ஈக்கோணும். தொறமுகம்னா கவர்மென்ட் வேலையெலுவா. வார கிழம வாங்க, கதைப்போம். இப்ப நான் போறேன், நோன்பு தொறக்க முந்தி வூட்டுல சொல்லோணும்.” சைக்கிளில் ஏறி, காலி வீதியில் பஸ்ஸுக்கும் ரிக்ஷாவுக்கும் இடையில் புகுந்து மிதித்துப் போய்விட்டார்.

அவரில் பிழை சொல்ல முடியாது. பிள்ளை குட்டிக்காரருக்கு வேலை தப்பினால் சந்தோஷம் வரத்தான் செய்யும். இருந்தாலும் கொஞ்சம் மறுத்திருக்கலாம் என்று சவுந்தரநாயகம் நினைத்தார். ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம்.

மிச்ச நாட்களில் நடந்ததுதான் இன்னும் மோசம். பலீல் கவனமாகப் பழகினார். எந்த விளக்கு முதலில் ஏறும், எது முதலில் இறங்கும், எந்தக் காலை எங்கே நீட்டுவது, எந்த நட்டை இளக்கக்கூடாது. வேலை போய்விடுமோ என்ற பயம் கண்ட மனிதர், ஒன்றையும் தவற விடவில்லை. ரயில் வந்தது, டைரக்டர் தலையில் கை வைத்தார். பலீல் குழாயை நிமிர்ந்து பார்த்தபடி, “அண்ணே, இது சூடாகினா நட்டு இளகுமா?” என்று கேட்டார். அடுத்த ரயிலும் அப்படியே போயிற்று. வீட்டில் பெருநாளுக்கு என்ன சமைக்கிறார்கள் என்று கேட்கலாமா என்று சவுந்தரநாயகம் வாயெடுத்தார். பலீலின் உதடு இடமிருந்து வலமாக விளக்குகளை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தது. குழப்பக்கூடாது என்று விட்டுவிட்டார். தன்னுடைய வேலையைத் தானே கற்றுக்கொடுத்து, தன்னுடைய கதைகளையும் தானே நிறுத்திவிட்டார்.

கடைசி நாள் பின்னேரம் பலீல் தனியாகவே எல்லாம் செய்தார். தியாகராசா வந்து பார்த்துத் தலையசைத்தார். சவுந்தரநாயகத்துக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மூட்டைகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். அடுத்த ரயில் வந்து கொட்டகைக் கதவு திறந்தபோது, “அப்ப நான் வாறன், நானா” என்றார். தகரச் சத்தத்தில் பலீலுக்குக் கேட்டதோ என்னவோ, சாக்குத் துணி சுற்றிய கையை உயர்த்திக் காட்டிவிட்டு, “ஓரத்து விளக்கு கொஞ்சம் தாழ்ந்தாப்புல ஈக்குதா அண்ணே?” என்று கேட்டார்.

“இல்லை. சரியா இருக்கு.”

வெள்ளவத்தை ஸ்டேஷனில் ஏறியபோது பெட்டியில் ஜன்னலோரம் இரண்டு இருக்கை காலியாக இருந்தது. ஒன்றில் உட்கார்ந்தார். வெளியே கடல் பளபளத்துக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க மனமில்லை. பம்பலப்பிட்டியில் கந்தோர் வேலை முடிந்த ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். கோட்டுப் போட்ட வயதான மனிதர் ஒருவர் குடையோடு வந்து, பக்கத்து இருக்கையைக் காட்டிக் கேட்டார்.

“தம்பி, இதில ஆரும் இருக்கினமோ?”

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இடம் கொடுத்தால் கோட்டை ஸ்டேஷன் வரும்வரை ஏதாவது கதைத்திருப்பார். சவுந்தரநாயகம் செருமினார். பொய் சொல்லிப் பழகிப்போன நாட்கள் அவை.

“ஓம். ஆள் ஒருத்தர் வாறார்.”

அந்த மனிதர் முகம் கோணாமல் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் கொள்ளுப்பிட்டியில் நின்றது. யாராவது வருகிறார்களா என்று அவர் வாசலைப் பார்த்தார். சவுந்தரநாயகமும் பார்த்தார்.